பாடசாலையைத் தேசியமாக்கக் கேட்கலாமா? சமஷ்டி என்று எழுதினால் குற்றமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊரின் பெயரும் பாடசாலையின் பெயரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார். அப்படியே செய்கிறேன். அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். வட மாகாணத்தில் தான் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்பில் ஒரு கிளை இருக்கிறது, இந்த வருடம் அதற்கு அவர்தான் செயலாளர். பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் இருப்பது. அதை, மத்திய கல்வி அமைச்சு நேரடியாக நடத்தும் தேசிய பாடசாலையாகத் தரமுயர்த்தும்படி அந்த அமைச்சுக்கு மகஜர் அனுப்ப வேண்டும் என்று கிளையில் ஒரு பகுதியினர் நிற்கிறார்கள். பௌதீகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடக் கூரை ஒழுகுகிறது, மாகாணத்திடம் கேட்டால் காசில்லை என்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். மற்றப் பகுதியினரோ, இருக்கிற கொஞ்ச அதிகாரத்தையும் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்பதா என்று கேட்கிறார்கள்.

பம்பலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் பேச்சு பாடசாலையை விட்டு அரசியலமைப்புக்குப் போய்விட்டதாம். “மாகாண சபையே இல்லை, பதின்மூன்றாவது திருத்தம் செத்துப்போச்சு, யாரிடம் கேட்பது?” என்றார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். “சமஷ்டி இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது, இந்தியாவைப் பாருங்கள்” என்றார் இன்னொருவர். அதிகாரத்தை மத்திக்கும் மாகாணங்களுக்கும் அரசியலமைப்பே பங்கிட்டுக் கொடுக்கும் கூட்டாட்சி முறையைத்தான் அவர் சொல்கிறார். கிளைத் தலைவர் பயந்துபோய், “மகஜரில் சமஷ்டி, அதிகாரப் பகிர்வு என்று ஒரு வார்த்தையும் வரக்கூடாது, ஆறாவது திருத்தத்தில் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்” என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். இதையெல்லாம் கூட்டறிக்கையில் எழுதுவதா விடுவதா, மகஜரில் கையொப்பமிடுவதா மறுப்பதா என்பது வாசகியின் கேள்வி. மத்திய அரசு நினைத்தால் யாரையும் கேட்காமல் பாடசாலையை எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. உங்கள் கூட்டத்தில் நடந்தது வீண் சண்டை இல்லை. ஒரு பாடசாலையின் அதிபரை யார் நியமிப்பது, ஆசிரியர் வெற்றிடத்தை யார் நிரப்புவது என்ற கேள்வியில்தான் மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையிலான அதிகாரச் சமநிலை தரைக்கு வருகிறது. உங்கள் கிளையில் பேசியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் சரியாகவே பேசியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு முக்கியமான விஷயத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். தலைவரின் பயத்திலிருந்து தொடங்குகிறேன், அது தீர்ந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

சமஷ்டி என்று எழுதுவது குற்றமல்ல

1983 ஆகஸ்ட்டில் கொண்டுவரப்பட்ட ஆறாவது திருத்தம், அரசியலமைப்பில் 157அ என்ற உறுப்புரையைச் சேர்த்தது. இலங்கையின் ஆள்புலத்துக்குள் தனியான ஒரு அரசை நிறுவுவதை ஆதரிப்பதையும், அதற்காக வாதிடுவதையும், பணம் கொடுப்பதையும் அது தடை செய்கிறது. தண்டனை கடுமையானது. குடியியல் உரிமைகள் பறிபோகலாம், சொத்துக்கூடப் பறிமுதலாகலாம். ஆகவே உங்கள் தலைவரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவருக்குப் பயம் வருவது இயல்பு.

ஆனால் தடை தனி அரசுக்குத்தான். இதே கேள்வி உயர் நீதிமன்றத்துக்கே போனது. இலங்கைத் தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்கிறது, ஆகவே அது பிரிவினை கேட்கிறது என்று அறிவிக்கும்படி 2014இல் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி, அப்போதைய பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான அமர்வு அந்த மனுவை நிராகரித்தது. ஒன்றுபட்ட இலங்கைக்குள் சமஷ்டி ஆட்சிமுறையைக் கேட்பது தனி அரசு கேட்பதாகாது என்பது தீர்ப்பின் சாரம். ஒற்றையாட்சி நாட்டிலும் மாகாணங்களுக்கு நிறைய அதிகாரம் இருக்கலாம், சமஷ்டி நாட்டிலும் மத்தி பலமாக இருக்கலாம் என்பதையும் நீதிமன்றம் விளக்கியது. இதைத் தலைவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லலாம். இந்த நாட்டில் சமஷ்டியை முதலில் பேசியவர்கள் தமிழர்கள் அல்லர். இளம் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1926இல் அதை வெளிப்படையாக முன்வைத்தார், யாழ்ப்பாணத்துக்கே வந்து பேசினார். அடுத்த வருடம் அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கான டொனமூர் ஆணைக்குழு வந்தபோது கண்டியச் சிங்களத் தலைவர்கள், கண்டிக்கு ஒன்று, கரையோரத்துக்கு ஒன்று, வடக்கு-கிழக்குக்கு ஒன்று எனச் சுயாட்சிப் பகுதிகள் கேட்டார்கள். தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டது 1949 டிசம்பரில்தான்.

சட்டம் ஒருபுறம், நடைமுறை ஒருபுறம் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். சமஷ்டி என்று எழுதியதற்காக உங்களைத் தண்டிக்க வழியில்லை என்று உறுதியாகச் சொல்வேன். யாரும் வந்து விசாரிக்கவே மாட்டார்கள் என்று உறுதி தர என்னால் முடியாது. அதனால்தான் கூட்டறிக்கையை ஒழுங்காக எழுதச் சொல்கிறேன். யார் என்ன சொன்னார், எதற்காகக் கூடினோம் என்பது தெளிவாகப் பதிவாகியிருந்தால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு. எதையும் வெட்ட வேண்டாம். ஒரு பாடசாலை மகஜரில் சமஷ்டியைப் பற்றிப் பேச வேண்டுமா என்பது வேறு கேள்வி. என் எண்ணத்தில் தேவையில்லை. கேட்கிற விஷயத்தோடு நிற்கிற மகஜருக்கே பதில் வரும். ஆனால் அதைத் தவிர்ப்பதற்குக் காரணம் பயமாக இருக்கக்கூடாது.

சபை இல்லை என்றால் சம்மதம் என்று அர்த்தமல்ல

ஓய்வுபெற்ற அதிகாரி சொன்னதில் வேதனையான உண்மை இருக்கிறது. கடைசியாக நடந்த மாகாண சபைத் தேர்தல் 2014 செப்டெம்பரில், ஊவாவில். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2019க்குள் ஒன்பது சபைகளும் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிவிட்டன. 2017இல் தேர்தல் முறையை மாற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்ட்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது, ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறைக்கும் திரும்பவில்லை, புதிய முறையும் முடிவாகவில்லை. இதை எழுதும்வரை ஒன்பது மாகாணங்களையும் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்களே நடத்துகிறார்கள். மக்கள் தெரிவு செய்யாத ஒருவர் மாகாணத்தின் முழு நிர்வாகத்தையும் வருடக்கணக்கில் வைத்திருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள நாம் எல்லோரும் பழகிவிட்டோம். எனக்கு அது மனதை உறுத்துகிற விஷயம்.

ஆனால் பதின்மூன்றாவது திருத்தம் சாகவில்லை. மாகாண சபைகளை உருவாக்கி 1987 நவம்பரில் வந்த அது இன்றும் அரசியலமைப்பின் ஒரு பகுதி. ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள், அதாவது அதிகாரப் பட்டியல்கள், இருக்கின்றன: மாகாண சபைக்கு ஒன்று, மத்திக்கு ஒதுக்கியது ஒன்று, இருவருக்கும் பொதுவானது ஒன்று. மாகாண நிரலில் உள்ள ஒரு விடயம் பற்றிப் பாராளுமன்றம் சட்டம் செய்ய விரும்பினால், 154எ உறுப்புரைப்படி அந்தச் சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாச் சபைகளும் ஒத்துக்கொண்டால் சாதாரண பெரும்பான்மை போதும். ஒரு சபை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மூன்றில் இரண்டு வேண்டும்.

சபையே இல்லாவிட்டால் என்ன? இந்தக் கேள்வியும் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2012இல் அரசாங்கம் திவிநெகும சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. சமுர்த்தி போன்ற வறுமை ஒழிப்புப் பணிகளை ஒரே மத்திய திணைக்களத்துக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். மாகாணங்களுக்கு உரிய விடயங்கள் அதில் இருப்பதால் எல்லா மாகாண சபைகளையும் கேட்டாக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. எட்டுச் சபைகள் சம்மதித்தன. வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை, முதல் தேர்தலே 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. சபைக்குப் பதிலாக வடக்கின் ஆளுநர் சம்மதம் எழுதிக் கொடுத்தார். மறுபடியும் வழக்கு. சபையின் கருத்தைச் சபைதான் சொல்ல முடியும், அந்த இடத்தில் ஆளுநர் நின்று சம்மதம் சொல்ல முடியாது என்பதே நீதிமன்றத்தின் முடிவு. ஆகவே மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவைப்பட்டது. ஒரு வாசகத்துக்குச் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்றார்கள்.

அமர்வுக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது அதே காலப்பகுதியில் குற்றப்பிரேரணை கொண்டுவரப்பட்டது. 2013 ஜனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். திவிநெகும சட்டமும் அதே மாதம் மூன்றில் இரண்டுடன் நிறைவேறியது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சபை இல்லாத மாகாணத்தின் மௌனத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்ளாது. ஆளுநரின் கையொப்பம் சபையின் குரல் ஆகாது. இது முதலாவது, உங்கள் பக்கத்துக்குப் பலமானது. இரண்டாவது அவ்வளவு நல்ல செய்தியல்ல. அந்தப் பூட்டை மூன்றில் இரண்டு திறந்துவிடும். 2024 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 225 ஆசனங்களில் 159 கிடைத்தது. மூன்றில் இரண்டு என்பது 150. ஆகவே இன்றைக்கு அந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும் என்பதை நீங்களே பார்க்கலாம்.

சட்டமில்லாமல் போகிற அதிகாரம்

இப்போது உங்கள் பாடசாலைக்கு வருகிறேன். கடிதத்தின் ஓரத்தில், யாரோ திவிநெகும தீர்ப்பைச் சொன்னதாகவும், அதைக் காட்டித் தடுக்கலாமா என்றும் குறித்திருந்தீர்கள். மன்னிக்க வேண்டும், அது இங்கே நேரடியாகப் பொருந்தாது.

காரணம் எளிமையானது. 154எ உறுப்புரையின் பாதுகாப்பு சட்டமூலங்களுக்குத்தான். ஒரு பாடசாலையைத் தேசிய பாடசாலை ஆக்குவதற்கு யாரும் பாராளுமன்றத்துக்குச் சட்டமூலம் கொண்டுபோவதில்லை. அமைச்சரவைத் தீர்மானம், அமைச்சின் கடிதம், சுற்றறிக்கை, அவ்வளவுதான். ஒன்பதாம் அட்டவணையின் மூன்றாவது இணைப்பு கல்வியைப் பற்றியது. குறித்துரைத்த பாடசாலைகள் தவிர்ந்த எல்லா அரச பாடசாலைகளுக்கும் வசதி செய்து கொடுப்பது மாகாணத்தின் பொறுப்பு என்று அது சொல்கிறது. குறித்துரைத்தவை எவை? தேசிய பாடசாலைகள், படையினருக்கான விசேட பாடசாலைகள், குறித்த அபிவிருத்தித் திட்டங்களுக்கான பாடசாலைகள். சரி, எது தேசிய பாடசாலை? அதற்கு அங்கே வரைவிலக்கணம் இல்லை. எத்தனை இருக்கலாம் என்று எல்லை இல்லை. மாகாணத்தைக் கேட்க வேண்டும் என்றும் எழுதவில்லை. அந்த இடைவெளியால்தான் தேசிய பாடசாலைகளின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிப் போனது. ஆயிரம் தேசிய பாடசாலைகள் என்று ஒரு திட்டத்தையே சில வருடங்களுக்கு முன் அறிவித்தார்கள். கல்வி பகிரப்பட்ட விடயம் என்று எழுத்தில் இருக்க, மாகாணத்தின் பெரிய பாடசாலைகள் ஒவ்வொன்றாகப் பத்தரமுல்லையில் கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வரிச் சட்டமும் மாறவில்லை.

புதுக்கடை நீதிமன்றங்களில் இந்த வகை வழக்குகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மாகாணங்கள் இழந்ததில் பெரும்பகுதி இப்படித்தான் போனது. ஒதுக்கிய நிரலின் முதல் விடயமே, எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை என்பது. அந்த ஒரு வரியை வைத்து எதற்குள்ளும் மத்தி வரலாம். 1992இல் பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களை மாற்றிய சட்டம் வந்தபின், கிராமம் வரைக்கும் நிர்வாகத்தின் கை கொழும்போடு நேராகப் பிணைந்துவிட்டது. பொலிஸ் அதிகாரம் மாகாண நிரலின் முதலாவது விடயம், இன்றுவரை எந்த மாகாணத்திலும் நடைமுறைக்கு வரவில்லை. காணிக்காக அமைக்கப்பட வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவே இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆம், இன்றைய நடைமுறையில் மத்தி ஒரு பாடசாலையைத் தேசிய பாடசாலையாக அறிவிக்க முடியும். மாகாணத்தின் இணக்கத்தைக் கடிதத்தில் கேட்பது உண்டு, இப்போது அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது ஆளுநரின் கீழுள்ள நிர்வாகம். இதை நீதிமன்றத்தில் எதிர்க்க வாதம் இருக்கிறது. விதிவிலக்காகச் சொல்லப்பட்ட ஒன்றை எல்லையில்லாமல் விரித்தால் மாகாணத்தின் பொறுப்பே வெறும் எழுத்தாகிவிடும் என்பது அந்த வாதம். நல்ல வாதம் என்று நம்புகிறேன். வெல்லும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

அப்புறம், உங்கள் கிளையில் தரமுயர்த்தக் கேட்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று. போவதற்கு வழி இருக்கிறது. திரும்பி வருவதற்கு அரசியலமைப்பில் எந்த வழியும் எழுதப்படவில்லை.

இந்தியாவாக இருந்தால்? கனடாவாக இருந்தால்?

சமஷ்டி இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது என்றவருக்கு, அவர் காட்டிய நாட்டிலிருந்தே பதில் சொல்லலாம். இந்திய அரசியலமைப்பு கல்வியை மாநிலங்களின் பட்டியலில் வைத்துத்தான் தொடங்கியது. 1976இல், நெருக்கடி நிலையின் நடுவில், 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதற்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்புதல் தர வேண்டும் என்ற பூட்டு அங்கே இருந்தது. ஒப்புதலும் கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வைப் பற்றி நடக்கிற போராட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. ஒரு மாநிலத்தின் பரப்பையோ எல்லையையோ பெயரையோ மாற்றுமுன் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது இந்திய அரசியலமைப்பின் மூன்றாவது உறுப்புரை. சம்மதம் அல்ல, கருத்து மட்டும். 2019 ஆகஸ்ட்டில் ஜம்மு-காஷ்மீர் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக ஆக்கப்பட்டபோது அங்கே சட்டமன்றம் இல்லை, ஜனாதிபதி ஆட்சி. சட்டமன்றத்தின் இடத்தில் பாராளுமன்றமே நின்று தனக்குத் தானே கருத்துச் சொல்லிக்கொண்டது. நமது உயர் நீதிமன்றம் 2012இல் வடக்கு ஆளுநருக்கு எதை மறுத்ததோ, கிட்டத்தட்ட அதுதான் அங்கே நடந்தது. அந்த ஒரு விஷயத்தில் ஒற்றையாட்சி நாட்டின் நீதிமன்றம் கறாராக நின்றிருக்கிறது.

கனடாவை எடுங்கள், உங்கள் சங்கத்துக்கு அங்கேயும் கிளை இருக்கும். அங்கே மத்தியில் கல்வி அமைச்சே கிடையாது. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்பு கல்வியை மாகாணங்களுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் அதே அரசியலமைப்பு, மாகாணம் செய்த எந்தச் சட்டத்தையும் மத்தி இரத்துச் செய்யலாம் என்ற அதிகாரத்தையும் கொடுத்தது. எழுத்தில் அது இன்னும் இருக்கிறது. 1943க்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. தொட்டால் மாகாணங்கள் சும்மா இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் சமஷ்டிக்கு எதிராக வாதிடவில்லை. தெளிவாகவே சொல்கிறேன்: மத்தி தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாதபடி அதிகாரம் பகிரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒற்றையாட்சி என்று சொல்லும் நமது இரண்டாவது உறுப்புரையை மாற்றுவதென்றால் மூன்றில் இரண்டும் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும், அந்தப் பாதை நீண்டது. ஆனால் எந்த அரசியலமைப்பைப் படித்தாலும், எந்தப் பெயர் அதற்கு வைத்திருந்தாலும், நான் முதலில் தேடுவது இதைத்தான்: கொடுத்ததைத் திரும்ப எடுக்க நினைத்தால் யாரைக் கேட்க வேண்டும், கேட்கப்படுகிறவர் மறுக்க முடியுமா, மறுத்தால் அது எடுபடுமா? அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரித்து இன்னொரு மாநிலம் உருவாக்குவதற்கு அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும், வெறும் கருத்துப் போதாது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. மாகாணங்கள் உட்கார்ந்து பேச ஒரு இரண்டாம் சபைகூட இல்லை, இருந்த செனற்சபையும் 1971இல் ஒழிக்கப்பட்டது.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாகாணத்திடம் காசில்லை என்பது பொய்யல்ல. நீங்கள் கொழும்பில் உங்கள் வாகனத்துக்கு வருடா வருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தின் கட்டணம் மேல் மாகாண சபைக்குப் போகிறது. காணி உறுதி எழுதும்போது கட்டுகிற முத்திரை வரியும் மாகாணங்களுக்கு உரிய வருமானம்தான். வாகனமும் காணி விற்பனையும் இங்கே குவிந்திருப்பதால் மேல் மாகாணத்துக்குக் கிட்டவும் மற்ற மாகாணங்கள் வருவதில்லை. வடக்கு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசையும் மத்தியின் ஒதுக்கீட்டையும் பார்த்துத்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் ஆய்வுகூடக் கூரைக்கு மாகாணத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

மகஜருக்கு முன் செய்ய வேண்டியவை

இரண்டு பகுதியினரின் கவலையும் உண்மையானது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு அதிகாரப் பகிர்வைப் பற்றி நாம் வகுப்பு எடுக்க முடியாது. அதேவேளை, தேசிய பாடசாலை ஆனவுடன் ஆசிரியர் வந்துவிடுவார் என்பதும் நிச்சயமில்லை. அதிபர் நியமனத்துக்கும் ஆசிரியர் இடமாற்றத்துக்கும் பெற்றோர் வலயக் கல்விப் பணிமனைக்குப் போன இடத்தில், இனிப் பத்தரமுல்லைக்கு வர வேண்டியிருக்கும். இரவு பஸ்ஸில் வந்து, காலை இசுருபாய வாசலில் வரிசையில் நின்று, உரிய அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டு இரவு பஸ்ஸில் திரும்புகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே மகஜரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் என்பது என் ஆலோசனை. முதலில் தகவல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கல்வி அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம், மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. அமைச்சிடம் கேட்க வேண்டியவை: தேசிய பாடசாலையாகத் தரமுயர்த்துவதற்கு இப்போது நடைமுறையில் உள்ள அளவுகோல், மாகாணத்தின் இணக்கம் பெறப்படுகிறதா, கடைசியாகத் தரமுயர்த்தப்பட்ட வடக்குப் பாடசாலைகளில் இன்று விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடம் எவ்வளவு. மாகாணத்திடம் கேட்க வேண்டியவை: உங்கள் பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, வெற்றிடம், கூரைத் திருத்தத்துக்கு மதிப்பீடு போடப்பட்டதா. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

தமிழிலேயே எழுதுங்கள். வடக்கு-கிழக்குக்கு வெளியிலும், பத்தரமுல்லையிலும்கூட, ஓர் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் திருப்பி அனுப்பி மொழிபெயர்ப்புக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

பதில் கையில் வந்தபின் கூட்டத்தைக் கூட்டுங்கள், ஊரிலுள்ள தாய்ச் சங்கத்தையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தையும் சேர்த்து. பிள்ளைகளை அங்கே அனுப்புகிற பெற்றோரைக் கேட்காமல் கொழும்புக் கிளை இந்த முடிவை எடுப்பது, கொழும்பு எங்களைக் கேட்பதில்லை என்று நாம் சொல்கிற அதே குற்றச்சாட்டுக்கு நம்மை ஆளாக்கும். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அப்போதும் தரமுயர்த்தலே வேண்டும் என்று பெரும்பான்மை நினைத்தால், அது அவர்களின் உரிமை, நீங்கள் செயலாளராகக் கையொப்பமிடலாம். உங்கள் சொந்தக் கருத்து வேறு என்றால் அதைக் கூட்டறிக்கையில் பதியலாம்.

கேட்காமலே அமைச்சு அறிவித்துவிட்டால் காலம் முக்கியம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அது விசாரணையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. அமைச்சரின் தீர்மானத்தை இரத்துச் செய்ய எழுத்தாணை கேட்பதென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம். அதற்கு நாள் கணக்கு இல்லாவிட்டாலும், தாமதித்துப் போனால் தாமதத்தையே காரணம் காட்டி மறுக்கலாம். மாகாண அதிகாரி ஒருவரின் தீர்மானம் என்றால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே போகலாம், கொழும்புக்கு வர வேண்டியதில்லை. மனுதாரராகச் சங்கத்தின் பெயரை மட்டும் போடாமல், பிள்ளை அங்கே படிக்கும் பெற்றோர் ஒருவரையும் சேர்ப்பது நல்லது. பாதிக்கப்பட்டவர் யார் என்ற கேள்வி முதல் நாளே எழும்.

மகஜர் இன்னும் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள், நல்லது. இரண்டு தகவல் விண்ணப்பங்களையும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கூட்டறிக்கைக் கோவையில் வையுங்கள். அமைச்சின் பதில் வந்ததும் பிரதியொன்றை எனக்கு அனுப்பினால், அடுத்த கூட்டத்துக்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.